ராகு காலத்தில் காத்திருந்த தகடுகள்

எனக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. ஆனாலும் ஊரில் எல்லோரும் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண் என்றால் ஆச்சிதான், வயதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அங்கே மேடம், காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆச்சி. பஸ்ஸில் ஏறும்போது ஒருத்தி, இறங்கும்போது வேறொருத்தி.

விமானத்துக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. விமானம் என்றதும் சொந்தக்காரர்கள் கண்ணை விரிப்பார்கள். "அங்க நீ என்ன பண்றே?" என்று கேட்பார்கள். "ஒட்டுறேன்" என்பேன். "பசை போட்டா?" "ஆமா, பசை போட்டுத்தான்." உடனே முகம் மாறிவிடும். ஒரு கல்யாண வீட்டில் என் சின்ன மாமனார், "எந்தக் கம்பெனி விமானம்னு மட்டும் சொல்லிரு ஆத்தா, நாங்க ரயில்லயே போய்க்கிறோம்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. என் தொழிலைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எதற்குத்தான் வராது என்று என் கணவர் கேட்பார்.

ஒட்டுவதில் அப்படி என்ன பெருமை என்று கேட்டால் சொல்கிறேன். மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு ஆணி அடித்து இணைத்தால், தகடு எங்கே கிழிய ஆரம்பிக்கும்? அந்த ஓட்டையில்தான். சேலை எங்கே ஊசி ஏறியதோ அங்கேதானே முதலில் இழை விடுகிறது. பசை போட்டு ஒட்டினால் ஓட்டையே வேண்டாம், பாரம் ஒரே இடத்தில் விழாமல் தகடு முழுக்கப் பரவும், ஆணியின் எடையும் மிச்சம். விமானத்தில் எடை குறைந்தால் அத்தனையும் லாபம். நாங்கள் செய்தது தரைப் பலகை. மேலே ஒரு அலுமினியத் தகடு, கீழே ஒரு அலுமினியத் தகடு, நடுவில் தேனடை மாதிரி அறை அறையாக மடித்த அலுமினியத் தாள். மூன்றையும் பசைப் படலம் வைத்து அடுக்கி, அழுத்திச் சூடாக்கினால் ஒரே பலகையாகிவிடும். இரண்டு விரலால் தூக்கலாம். அதன்மேல் என் சின்ன மாமனார் ஏறிக் குதிக்கவும் செய்யலாம், அவர் கொஞ்சம் கனமான மனிதர்.

மூன்று வருடம் நான் பெங்களூரிலும், கணவரும் மகளும் காரைக்குடியிலுமாக இருந்தோம். அவர் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான் வருவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவேன். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை போனதை நான் தவணை முறையில்தான் பார்த்தேன். ஒரு தடவை வந்தபோது முன்பல் இரண்டு இல்லை, அடுத்த தடவை வந்தபோது முளைத்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, அதே தரைப் பலகையை நானே செய்வது என்று இறங்கினேன்.

சின்ன விமானங்களுக்குத் தரை போடும் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது. மூன்று முறை மாதிரிப் பலகைகள் அனுப்பலாம். அவர்கள் இயந்திரத்தில் வைத்துத் தோலை உரிப்பது போல மேல் தகட்டை உரித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பலமாக இழுத்த பிறகு ஒட்டு விடுகிறது, விட்டால் எப்படி விடுகிறது என்பதுதான் பரீட்சை. மூன்றில் ஒன்று தேறினால் ஆர்டர். மூன்றும் தேறாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். பழைய தொழிற்சாலையில் என் இடத்தை மாதக் கடைசி வரைக்கும் காலியாக வைத்திருப்பதாக மேலாளர் நல்ல மனதோடு சொல்லியிருந்தார். அந்த நல்ல மனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஷெட்டில் என்னோடு சேர்த்து நான்கு பேர். அதில் எனக்கு வலது கை ஒரு அக்கா. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் நான் ஆச்சிதான். கை அப்படி ஒரு நிதானம். பிரைமர் என்று ஒன்று உண்டு, தகட்டைச் சுத்தம் செய்ததும் அதன்மேல் மெல்லிசாகப் பீய்ச்சும் முதல் பூச்சு. அதை அக்கா பீய்ச்சினால் கோலமாவு சலித்த மாதிரி ஒரே சீராக விழும். வாயும் அதே அளவுக்கு ஓடும், அது வேறு விஷயம்.

இந்தத் தொழிலில் சுத்தம்தான் எல்லாம். அலுமினியத் தகட்டை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகும். பசை அந்தக் குழிகளுக்குள் போய் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் எண்ணெயோ பவுடரோ போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது, டவுன் பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரிதான். பசை நின்றுகொண்டே வரும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும். அதனால் ஷெட்டில் தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, நெற்றியில் திருநீறுகூட உள்ளே வரும்போது கூடாது என்று சட்டம் போட்டேன். திருநீற்றில் கை வைத்தபோது அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் எரிந்து திருநீறாகியிருக்க வேண்டும்.

பதிலுக்கு அக்காவும் எனக்கு ஒரு சட்டம் போட்டார். பெங்களூருக்கு அனுப்புகிற பலகையை வெள்ளிக்கிழமைதான் தொடங்க வேண்டும், அதுவும் குளிகையில் தொடங்க வேண்டும்.

"குளிகையில ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப நடக்கும் ஆச்சி. ஆர்டரு மேல ஆர்டரா வரும் பாருங்க."

சரி என்றேன். வெள்ளிக்கிழமை குளிகை காலை ஏழரை முதல் ஒன்பது. தகடுகளைத் தொட்டியில் இறக்கி, அலசி, காயவைத்து முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். முதல் பூச்சை ராகு காலத்தில் போடக்கூடாது என்று நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். நான் கையேட்டைப் பார்த்தேன். காய்ந்த தகடு பூச்சுக்காகச் சில மணி நேரம் காத்திருக்கலாம் என்று இருந்தது. பன்னிரண்டு மணி வரை காத்திருப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் மகளுக்குச் சுடச்சுடச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். மூன்று வருடம் ஊட்டாத சோற்றையெல்லாம் ஈடுகட்டும் வெறி எனக்கு.

முதல் தொகுதி போனது. தேறவில்லை.

பெங்களூரில் பரிசோதகர் ஓசூர்க்காரர், நல்ல தமிழ் பேசுவார், கறாரான ஆள். போனில், "மேடம், தகடு அப்படியே வழுக்கிட்டு வந்துடுச்சு. பசை ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். தகட்டுல பசை இருந்த அடையாளமே இல்ல" என்றார். பசை கிழிந்திருந்தால்கூட மனசு ஆறும். ஒட்டு நின்றது, பசை தாங்கவில்லை என்று அர்த்தம். இது தாமரை இலைத் தண்ணீர் கதை, ஒட்டவே இல்லை என்று அர்த்தம்.

பசைப் படலத்தைச் சந்தேகப்பட்டேன். அதை உறைபெட்டியில் வைத்திருக்க வேண்டும், மின்சாரம் போனால் கெட்டுவிடும். ஒரு நாள் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. சரி, அதுதான் என்று முடிவு கட்டி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தேன். புதுப் படலம் வந்தது. இதற்கிடையில் கெடு தாண்டிய பழைய படலத்தை வைத்துப் பழகுவதற்காகச் செவ்வாய், புதன்களில் பலகை செய்து பார்த்தோம். அதைப் பிரிக்க இடுக்கி போட்டு இழுத்தால் என் தோள்பட்டை கழன்றது, தகடு வரவில்லை. கெட்டுப்போன பசை ஒட்டுகிறது. நல்ல பசை ஒட்டவில்லை. வீட்டில் நூற்றுக்கு நூறு, பரீட்சை ஹாலில் முட்டை.

இரண்டாவது தொகுதியும் குளிகையில்தான் தொடங்கினோம். திரும்பத் திரும்ப நடக்கும் என்று அக்கா சொன்னது பலித்தது. அதே வழுக்கல், அதே போன், பரிசோதகரின் குரல் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் இரக்கமாக இருந்தது. கறாரான மனிதர் இரக்கப்பட்டால் நிலைமை மோசம் என்று பொருள்.

அன்றைக்கு ஷெட்டில் நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. யார் தலைக்கு எண்ணெய் வைத்தது, யார் கையுறை இல்லாமல் தொட்டது என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டேன். அக்காவின் தலையை முகர்ந்து பார்க்காத குறை. அக்கா கொண்டையை அவிழ்த்து, வறண்டு போன முடியை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு நின்றார். "எண்ணெய் வச்சு எத்தன மாசமாச்சுன்னு நீங்களே பாத்துக்கிருங்க ஆச்சி" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், மாடிப்படிக்குப் பக்கத்தில் என் பெங்களூர்ப் பெட்டி வெயிலில் திறந்து கிடந்தது. பரணிலிருந்து கணவர் இறக்கி வைத்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னும் ஒரு தடவ பாக்கி இருக்கு. அதுக்குள்ள அனுப்ப அவசரமா?"

"பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. காயட்டும்னு போட்டேன்."

அவர் எப்போதும் அப்படித்தான். போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அந்தப் பாரம் என் தலையில் ஏறும் என்று நினைக்கிற மனிதர். அன்றைக்கு அவர் என்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம் என்று தோன்றியது. இரண்டு பேரும் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம்.

மூன்றாவது தொகுதிக்குக் குறித்த வெள்ளிக்கிழமை விடியும்போதே நல்ல மழை. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார். மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "மழைக்கு தேங்க்ஸ்" என்றாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

குளிகையில் தகடு தொட்டிக்குள் இறங்கியது. வெளியே எடுத்து அலசியதும் தண்ணீர்ப் பரீட்சை வைத்தேன். அது ரொம்ப எளிமையான காரியம். சுத்தமான தகட்டில் தண்ணீரைப் பீய்ச்சினால், கண்ணாடி விரித்த மாதிரி ஒரே படலமாக நிற்கும். அழுக்கு இருந்தால் முத்து முத்தாகப் பிரிந்துவிடும். எங்கள் தகட்டில் தண்ணீர் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. முதல் தொகுதியிலும் பிரியவில்லை, இரண்டாவதிலும் பிரியவில்லை. அதனால்தான் எனக்கு ஒன்றும் பிடிபடாமல் இருந்தது. காயும் அறைக்குள் வரிசையாக நிறுத்திய தகடுகள் காய்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை.

பள்ளிக்கூடம் இல்லை, சாப்பாடு கொண்டுபோகும் வேலையும் இல்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் மூக்கில் ஒரு வாசம் ஏறியது. நல்ல வாசம். சின்ன வயதிலிருந்து பழகிய வாசம் என்பதால் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இழுத்து மூச்சு விட்டுக்கொண்டேன். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது.

காயும் அறைக்கு ஓடினேன். உள்ளே ஒரே புகை. நடுவில் சாம்பிராணி பாய் நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் தொழிற்பேட்டையில் கடை கடையாக வந்து, கையிலிருக்கும் தூபக்காலில் தணலை விசிறி சாம்பிராணி போட்டுவிட்டு, ஜும்மா தொழுகைக்குப் போகிறவர். எங்கள் ஷெட் வாசலில் நிறுத்திவிட்டுப் போவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

"இங்குட்டு வாங்க பாய். இந்தத் தகட்டுக்கு நல்லாப் போடுங்க. கண்ணுபட்டே ரெண்டு தடவ போயிருச்சு. அங்குட்டும், அங்குட்டும்."

பாய் மயிலிறகு விசிறியால் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாகப் புகையை அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தனை அக்கறை!

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பாயின் கையிலிருந்து விசிறி விழுந்துவிட்டது.

தண்ணீர்ப் புட்டியை எடுத்து முதல் தகட்டில் பீய்ச்சினேன். காலையில் கண்ணாடியாக நின்ற தண்ணீர், முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. அடுத்த தகடு, அதுவும் அப்படியே. சாம்பிராணி மரத்துப் பிசின்தானே. பிசின் புகை தகட்டின் குழியில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பசைக்கு முன்னால் வந்து துண்டு போட்டுவிட்டது.

"முதல் தடவையும் உள்ள கூட்டிட்டு வந்தீகளா?"

"ஆமா ஆச்சி. முத ஆர்டராச்சேன்னு."

"ரெண்டாவது தடவ?"

"முத தடவ பெயிலாப் போச்சே, அதான் கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்."

எனக்கு எங்கிருந்து சிரிப்பு வந்ததோ தெரியவில்லை. கோபத்துக்கு வாயைத் திறந்தால் சிரிப்பு வந்து நின்றது. தோற்கத் தோற்கப் புகை. புகை போடப் போடத் தோல்வி. செவ்வாய்க்கிழமை பலகை ஒட்டியதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கண்ணேறு பயமும் இல்லை, பாயும் வரவில்லை, ராகு காலம் சாயங்காலம் போய் நின்றுகொண்டது. ஒருவரும் கெடுதல் நினைக்கவில்லை. அந்தப் பலகைகள் மேல் இருந்த ஆசையில்தான் அவற்றைக் கெடுத்திருக்கிறோம், ராகு காலம் முடியட்டும் என்று தலையாட்டிய நானும் சேர்ந்துதான்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தகட்டில் உருளும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பு வாய்க்குப் போய்விட்டது. "உங்களை ஊரை விட்டுப் போகவிடக் கூடாதுன்னுதானே ஆச்சி செஞ்சேன்" என்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு முடியை அவிழ்த்துக் காட்ட வைத்தேனே, அதற்கும் சேர்த்து.

பாய்தான் பாவம், எது நடந்தாலும் தன்மேல்தான் விழும் என்பது போலத் தூபக்காலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நான் என்னத்தக் கண்டேன் ஆச்சி, கூப்பிட்டாக, வந்தேன். வேணாம்னா இனிமே வரல."

"வராம இருக்காதீக பாய். வாசலோட நின்னுக்குங்க."

"வாசல்ல போட்டாலும் அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரும்" என்றார் அவர். அந்த எடத்துக்குப் போகட்டும், காயும் அறைக்குப் போகாமல் இருந்தால் சரி என்றேன். அவரும் சிரித்துவிட்டார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்.

இனி அழுது புண்ணியமில்லை. தகடுகளை மறுபடி தொட்டியில் இறக்கிப் பழைய பரப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, முதலிலிருந்து செய்யலாம். தகடு துளி மெலியும், ஆனால் அளவுக்குள்தான். திங்கட்கிழமை பார்சல் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதனால் அன்றைக்கே பூச்சுப் போட்டு, சனிக்கிழமை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டும். நான்கு பேரும் சாப்பிடாமல் வேலை செய்தோம். அலசினோம், தண்ணீர்ப் பரீட்சை வைத்தோம், கண்ணாடியாக நின்றது. காயவைத்தோம். நான் அறையை விட்டு நகரவில்லை. காய்ந்ததும் மறுபடி ஒரு ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன், பிரியவில்லை. "அக்கா, பூச்சு" என்றேன்.

அக்கா பீய்ச்சும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். சுவரைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"ஆச்சி, எமகண்டம்."

வெள்ளிக்கிழமை மூன்று முதல் நாலரை எமகண்டம். நான் மறந்தே போயிருந்தேன். நாலரை வரை இன்னொரு முறை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. மழை ஈரம் வேறு. நான் துப்பாக்கியைப் பிடுங்கி நானே பூசியிருக்கலாம், ஆனால் என் கைக்கு அது வராது, பூச்சு திட்டுத் திட்டாக விழும். அக்காவின் கைதான் வேண்டும். அவருக்கு விருப்பமில்லாமல் பூசினாலும் அந்தக் கை நிதானமாக இருக்காது.

"அக்கா, இது போச்சுன்னா நான் பெங்களூருக்குப் போறேன். அவ்வளவுதான். எமகண்டமா அதுவான்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். ஊரில் பெரிய பஞ்சாயத்துகளில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"எமகண்டத்துல ஒரு காரியத்த ஆரம்பிக்கத்தான் கூடாது. நாம காலையில குளிகையிலயே ஆரம்பிச்சாச்சுல்ல. இது நடுவுல நடக்குற வேலதானே. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கலையே."

"இல்லவே இல்ல."

"அப்பச் சரி" என்று அக்கா முகமூடியை மாட்டிக்கொண்டார். பூச்சு கோலமாவு சலித்த மாதிரி விழுந்தது. சட்டத்தை வளைக்காமல் அதற்குள்ளேயே கதவு கண்டுபிடிக்கிற அந்த மூளையை நான் பெங்களூரில் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அடுக்கி, அழுத்தி, சூடாக்கி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பலகைகளைப் பெட்டியில் வைக்கும்போது அக்கா தயங்கித் தயங்கி நின்றார். சாம்பிராணி போடாமல் அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பசை இறுகிவிட்ட பிறகு ஊர்ப் புகையெல்லாம் ஒன்றுகூடி வந்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. "பாயைக் கூப்பிடுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பாய் வந்தார். தொழிற்பேட்டை கேட்டுக்கு வெளியே, மழை விட்ட ரோட்டில், பலகைகளைப் பெஞ்சின்மேல் வைத்துப் போதும் போதும் என்கிற மட்டும் போட்டார். அக்கா கண்ணை மூடி நின்றார். நானும் மூடிக்கொண்டேன், எனக்கென்ன போகிறது.

அதற்கப்புறம் போன் வரும்வரை ஒரு சாப்பாடும் இறங்கவில்லை. போன் வந்தபோது அக்காவும் மற்றவர்களும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"மேடம்" என்றார் பரிசோதகர், "பார்சலைப் பிரிச்சா கோயில் வாசம் வருது. உள்ளே என்ன வெச்சீங்க?"

இறுகிய பிறகு போட்ட புகை, பரப்பில் ஒன்றும் இருக்காது, துடைத்துவிட்டுச் சோதியுங்கள் என்று உளறினேன்.

"சோதிச்சாச்சு மேடம். அதைத்தான் சொல்ல வர்றேன். தகடு வரவே இல்ல. இழுத்த இழுப்புல நடுவுல இருக்கிற தேனடை கிழிஞ்சிருக்கு, ஒட்டு விடல. மூணு பலகையும் அப்படித்தான். ஆர்டர் லெட்டர் நாளைக்கு வரும்."

தேனடை கிழிந்தது, ஒட்டு விடவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு நல்ல செய்தி கிடையாது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுகை நின்றதும், "இனிமே வெள்ளிக்கிழம வேணாம் ஆச்சி, புதன்கிழமையில ஆரம்பிப்போம், பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாகள்ல" என்றவர், நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பெங்களூர் மேலாளரிடம் வரவில்லை என்று சொன்னேன். கணவருக்குப் போனில் சொல்லவில்லை, நேரில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓடினேன். அவர் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "போயிருவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளிடமும் சொன்னேன். அவள் மேசையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள், தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் டிபன் பாக்ஸ் இருந்தது, பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஏன் மிச்சம் வைத்தாய் என்று கேட்டேன்.

பிடித்துக்கொண்டாள். தினமும் அதே தயிர்சாதம், அதே உருளைக்கிழங்கு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள், ஜடை இழுத்து இழுத்துப் பின்னித் தலை வலிக்கிறது, அப்பச்சி பின்னினால் வலிக்காது, நீ சும்மா சும்மா கத்துகிறாய். என் கோபம் அப்படியே உரித்து வைத்தாற்போல வந்து நின்றது. நானும் பதிலுக்குப் பதில் பேசினேன். குரல் உயர்ந்தது. அவளுடைய அப்பச்சி, அதாவது என் கணவர், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பெங்களூரில் இருந்த மூன்று வருடத்தில் அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. நான் வருகிற சனிக்கிழமைகளில் நல்ல பாவாடை உடுத்திக்கொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்வாள். எத்தனை சமத்து என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யார் சண்டை போடுவார்கள்?

"போ, உங்கிட்ட நாளைக்குப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். நாளைக்கு நான் இருப்பேனா என்று அவள் கேட்கவே இல்லை.